காதுகுத்து கேசட்

எங்கள் வீட்டுக்காரருக்கும் என் அண்ணனுக்கும் இருபத்தெட்டு வருடமாகப் பேச்சு கிடையாது. வரப்புத் தகராறா, சொத்துப் பிரச்சினையா என்று புதிதாகப் பழகுகிறவர்கள் கேட்பார்கள். பதில் சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கும். 'வாங்க' என்று ஒரு வார்த்தை. அதைச் சொன்னேன் என்கிறார் இவர். சொல்லவில்லை என்கிறார் அவர். அவ்வளவுதான் வழக்கு.

1997-ல் என் மகள் ரோகிணிக்குக் காது குத்தினோம். வாடிப்பட்டிக்குப் பக்கத்தில் இவருடைய குலதெய்வம் கோயிலில் விசேஷம். பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். என் அண்ணன் பேயாண்டி பேரையூரிலிருந்து வேன் பிடித்து, மேளம் வைத்து, ஆட்டுக்கிடாய், தேங்காய், பட்டுப்பாவாடை என்று சீர் கொண்டுவந்தார். அப்படி வருகிறவரைக் கோயில் வாசலில் நின்று கும்பிட்டு, 'வாங்க மச்சான்' என்று அழைக்க வேண்டியது என் வீட்டுக்காரர் பொறுப்பு. அழைக்கவில்லை என்பது அண்ணன் கட்சி. ஆனால் அன்றைக்கு அவர் வாயைத் திறக்கவில்லை. பிள்ளையை மடியில் வைத்துக் காது குத்தி முடித்தார். பிறகு பந்தியில் கை நனைக்காமல் வேன் ஏறிப் போய்விட்டார். அண்டா நிறையக் கறிக்குழம்பு, அதைச் சாப்பிட வேண்டிய ஆள் போகிற வண்டியில்.

எங்கள் வீட்டுக்காரர் சிவக்குமாருக்கு வாடிப்பட்டியில் பெயின்ட் கடை. எந்தச் சுவருக்கு எந்த நிறம் எடுக்கும் என்று தூரத்தில் நின்றே சொல்லிவிடுவார். மச்சானிடம் ஒரு நல்ல வார்த்தை சொல்லச் சொன்னால் மட்டும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். என் அண்ணனோ பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற பரம்பரை. நான் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. நாற்பது பிள்ளைகளின் சண்டையை ஒரு அதட்டலில் தீர்த்துவிடுகிறவள். இந்த இரண்டு பிள்ளைகளிடம் என் பிரம்பு செல்லவில்லை.

அதற்காக உறவே அறுந்துபோனது என்று நினைக்க வேண்டாம். பொங்கலுக்கு எனக்குச் சீர் தவறாமல் வரும். ஆனால் எங்கள் தெருமுனை டீக்கடை வரைக்கும்தான் வரும். கரும்பையும் மஞ்சள் கொத்தையும் பானையையும் அங்கே இறக்கி வைத்துவிட்டு அண்ணன் எனக்குப் போன் போடுவார். நான் போய் எடுத்துக்கொள்வேன். இவர் அந்தக் கரும்பைக் கடித்துத் துப்பிக்கொண்டே, "உங்கண்ணன் ஊர்க் கரும்புல முன்ன மாதிரி இனிப்பு இல்ல" என்பார். சக்கை மட்டும் ஒரு கூடை சேர்ந்திருக்கும்.

அன்றைய மேளச் சத்தத்தில் யார் காதிலும் எதுவும் விழவில்லை. இவர் கட்சிக்கு ஒரே சாட்சி, அந்தக் காதுகுத்து வீடியோ கேசட். எங்கள் ஊர் ராம்கிதான் எடுத்தான். ஒரு மாதம் கழித்து அவன் கேசட்டைக் கொண்டுவந்தபோது சண்டை முற்றியிருந்தது. "நான் சொன்னதை நானே டெக்கு வாடகைக்கு எடுத்துப் பாக்கணுமாக்கும்? அவுக வந்து கேக்கட்டும், அன்னைக்குப் போட்டுக் காட்டுறேன்" என்று இவர் அதை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். நானும் கட்டாயப்படுத்தவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்குப் பயம். இவர் சொல்லவில்லை என்று தெரிந்துவிட்டால், அப்புறம் இந்த மனுஷனோடு எந்த முகத்தை வைத்துக்கொண்டு குடும்பம் நடத்துவது? சொல்லியிருந்தால், அண்ணனை எந்த முகத்தோடு பார்ப்பது?

இந்த ஆனி மாதம் ரோகிணிக்குக் கல்யாணம் முடிவானது. கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள். மாப்பிள்ளை பார்த்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "மாமா வருவாரா?" தாய்மாமன் கையைப் பிடித்து மணவறைக்கு அழைத்துப் போகாத பெண்ணை எங்கள் பக்கத்தில் யாரும் பார்த்ததில்லை. "மாமா இல்லாட்டி நான் தனியா நடந்து போய் உக்காரவா? பரீட்சை எழுதவா போறேன்?" என்றாள். அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குத்தான் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

பத்திரிகை வைக்கப் போகலாம் என்றால் இவர் மறுத்தார். "இப்பப் போயி நின்னா, அன்னைக்குச் சொல்லலைன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்." அண்ணன் பெண்டாட்டி அன்னக்கொடி மதினி போனில் அந்தப் பக்கத்துச் சேதி சொன்னாள். "கேசட்டு இருக்கு, கேசட்டு இருக்குங்கிறாகள்ல, அதைப் போட்டுக் காட்டட்டும். 'வாங்க'ன்னு சொன்னது நெசம்னா பேரையூர்லருந்து நடந்தே வாரேங்கிறாக உங்கண்ணன்."

"காட்டுறேன்" என்றார் இவர்.

பீரோவைத் திறந்து கேசட்டைக் கையில் எடுத்த பிறகுதான் தெரிந்தது, அதை எதில் போட்டுக் காட்டுவது என்று ஒருவருக்கும் தெரியாது. கேசட் ஓட்டுகிற டெக்கை வாடகைக்குக் கொடுத்த கடை இப்போது பிரியாணிக் கடை. ராம்கி வீடியோவை விட்டுவிட்டு மேலூரில் கிரானைட் வியாபாரத்துக்குப் போய்விட்டான். பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து செல்போன் கடைக்காரர் கேசட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல சார்ஜர் எங்க சொருகணும்?" என்று கேட்டாராம். இவர் அங்கேயே சண்டை போட்டுவிட்டு வந்தார்.

ரோகிணி ஆன்லைனில் ஏதோ ஒரு கன்வெர்ட்டர் வாங்கி அனுப்பினாள். பெட்டிக்குள் ஒரு வயர், அதை ஓட வைக்கிற சாஃப்ட்வேர் ஒரு சிடியில். எங்கள் லேப்டாப்பில் சிடி போடுகிற இடமே இல்லை. பழையதைப் புதுசாக்க வந்த சாமானே பழசாகிப் போயிருந்தது. அப்படியே சிடி ஓடியிருந்தாலும் வயரின் மறுமுனையைச் சொருக டெக் வேண்டும். என்னோடு வேலை பார்க்கும் ஆனிமேரி டீச்சர் தன் வீட்டுப் பரணில் ஒன்று இருக்கிறது என்று இறக்கிக் கொடுத்தாள். திறந்தால் உள்ளே பல்லி முட்டை. துடைத்து, துணி போட்டு ஒற்றி, கரண்ட் கொடுத்ததும் அது நன்றாகத்தான் உறுமியது. கேசட்டை விழுங்கியது. திருப்பித் தர மாட்டேன் என்றது. இவர் ஸ்க்ரூடிரைவரோடு அதன்மேல் பாய்ந்தார். நான் நடுவில் பாய்ந்தேன். நல்லவேளை, இரண்டு விரற்கடை டேப்தான் கசங்கியது.

"என் தம்பி ஜூடுகிட்டக் கொடுங்க டீச்சர்" என்றாள் ஆனிமேரி. "டவுன்ஹால் ரோட்டுக்குப் பின்னாடி சந்துல கடை வச்சிருக்கான். பழைய கேசட்டு மாத்துறதே அவனுக்கு வேலை."

நானும் இவரும் கேசட்டோடு போனோம். ஜூடுவுக்கு நாற்பது வயதிருக்கும். அவசரமே படாத மனிதர். கேசட்டை வாங்கி விளக்குக்கு நேராகப் பிடித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"டீச்சர், பூஞ்சை பிடிச்சது பாத்திருக்கேன். எலி கடிச்சது பாத்திருக்கேன். மழைத்தண்ணியில ஊறுனது பாத்திருக்கேன். இது என்ன, உள்ளுக்குள்ள மஞ்சளா அப்பிக் கெடக்கு?"

எனக்குத் தெரியும், அது சந்தனம்.

ஆயுத பூஜைக்கு வீட்டில் உள்ள கருவிகளுக்கெல்லாம் பொட்டு வைப்போம் இல்லையா? அரிவாள்மனை, தையல் மெஷின், மிக்ஸி, இவருடைய மொபெட், பெயின்ட் பிரஷ் எதையும் விட மாட்டேன். இந்தக் கேசட்டை மட்டும் எப்படி விடுவது? நாளைக்கு நமக்காகச் சாட்சி சொல்லப் போகிற பொருள் என்று, வருடா வருடம் அதையும் எடுத்து வைத்து மூன்று விரலால் சந்தனம் தீட்டி, நடுவில் குங்குமம் வைத்து, சூடம் காட்டி, பொரிகடலை படைத்து, மறுநாள் பீரோவில் வைத்துவிடுவேன். குழைத்த சந்தனம் ஈரமாக அந்தப் பற்சக்கர ஓட்டை வழியாக உள்ளே இறங்கும் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

"எத்தன வருசம் டீச்சர்?"

"இருபத்தெட்டு" என்றேன், வகுப்பில் மாட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி.

"எங்க சர்ச்சுலகூட எந்தச் சாமானுக்கும் இம்புட்டு மரியாதை கெடையாது" என்றார் ஜூடு. கடை அதிர அதிரச் சிரித்தவர் எங்கள் வீட்டுக்காரர்தான். "என்னயச் சொல்லுவா, முன்கோபி முன்கோபின்னு. சாட்சிக்குச் சந்தனம் பூசி வாயை அடைச்சது யாரு?" அன்று முழுக்க என்னைப் பேச விடவில்லை.

ஜூடு கேசட்டைப் பிரித்து, டேப்பை வேறொரு காலிக் கூட்டில் ஏற்றி, ஸ்பிரிட் தொட்ட துணியால் அடி அடியாகத் துடைத்தார். அதற்கு மூன்று நாள். முதலில் ஓட்டியபோது படம் கறுப்பு வெள்ளையாக வந்தது. அடுத்து, எல்லார் தலையும் திரையின் அடியில் இருக்க, கால்கள் மேலே இருந்தன. சாண் ஏறினால் முழம் சறுக்கியது. நடுநடுவே எங்கள் வீட்டுக்காரர் கடையை மூடிவிட்டு வாடிப்பட்டியிலிருந்து பஸ் ஏறி வந்து, ஜூடுவின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "கொஞ்சம் வேகமா ஓட்டி மாத்த முடியாதா?" என்று கேட்பார்.

"மூணு மணி நேரக் கேசட்டு அண்ணே. மூணு மணி நேரமும் ஓடித்தான் ஆகணும். அன்னைக்கு நீங்க எம்புட்டு நேரம் நின்னீங்களோ அம்புட்டு நேரம் இன்னைக்கும் நிக்கணும்."

ஒரு சனிக்கிழமை காலையில் போன் வந்தது. "வாங்க, நல்லா வந்திருச்சு." இரண்டு பேரும் போனோம். கடைக்குள் எனக்கொரு ஸ்டூல், இவருக்கொரு ஸ்டூல். இவர் புதுச் சட்டை போட்டு வந்திருந்தார், தீர்ப்பு கேட்க வந்தவர் போல.

முதலில் ஒரு தாமரை மலர்ந்தது. அதன் நடுவில் ரோகிணி, பதினோரு மாதத்துக் குழந்தை, சுற்றிச் சுற்றி வந்தாள். பின்னால் ஏதோ சினிமாப் பாட்டு. தாமரை போய் இதயம் வந்தது. இதயத்துக்குள் என் மாமனார். பாட்டு நிற்கவில்லை. பந்தல் வந்தது, பாட்டு. ஆட்கள் பேசிக்கொண்டு போகிறார்கள், பாட்டு. மேளக்காரர் கன்னம் உப்ப ஊதுகிறார், அதற்கும் பாட்டுதான்.

"சத்தம் எங்க ஜூடு?" என்றார் இவர்.

"சத்தம் இம்புட்டுதான் அண்ணே. அந்தக் காலத்துல மிக்ஸிங்கில பாட்டைப் போட்டா, பேச்சை எல்லாம் எடுத்திருவாங்க."

இவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். ஊமை கண்ட கனவாகப் போயிற்று எங்கள் சாட்சி.

"வாயசைவு தெரியுமில்ல? ஓட்டுங்க" என்றார் விடாமல்.

கோயில் வாசல் வந்தது. முப்பத்தொரு வயது சிவக்குமார், கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, காதை மறைக்கும் முடி. மேளக்காரர்களுக்குப் பின்னால் சீர்த்தட்டுகள் வந்தன. முன்னால் வந்தவர் என் அண்ணன். அப்போது அவர் எவ்வளவு ஒல்லி! தலையில் பெரிய பித்தளைத் தாம்பாளம், அதைப் பிடித்த இரண்டு கையும் உயரத்தில். எங்கள் வீட்டுக்காரர் இரண்டு கையையும் குவித்தார். வாய் திறந்தது. உதடு விரிந்தது.

"பாத்தியா! 'வாங்க'! பாத்தியா!" இவர் ஸ்டூலைவிட்டு எழுந்துவிட்டார். "சொன்னேனா இல்லையா?"

சொல்லியிருக்கிறார். கோயில் மேல் சத்தியமாகச் சொல்லியிருக்கிறார். ஆனால் திரையில் அவர் என் கண்ணைப் பார்த்துக்கொண்டு சொல்கிறார். அதாவது, கேமராவைப் பார்த்து. ராம்கியின் விளக்கு மூஞ்சியில் அடிக்க, பல்லெல்லாம் தெரிய, ராம்கிக்குச் சொல்லியிருக்கிறார். அண்ணன் அவருக்கு இடது கைப்பக்கம் நிற்கிறார். இவர் கும்பிட்ட கையைப் பிரித்து முடியைக் கோதிவிட்டுக்கொண்டார். பக்கத்தில் நின்ற யாரையோ படத்துக்குள் இழுத்துவிட்டார். அண்ணன் தலையில் தாம்பாளத்தோடு நின்றுகொண்டே இருந்தார்.

இவர் மெல்ல உட்கார்ந்தார். எனக்கு உள்ளுக்குள் ஒரு அற்பத் திருப்தி வந்தது, ஒளிக்காமல் சொல்கிறேன். கடைசியில் என் அண்ணன் சொன்னதுதானே சரி என்று திரும்பி ஒரு வார்த்தை சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கேமரா கொஞ்சம் விலகியது. வாசலின் மறுபக்கம் அரக்குப் பட்டுச் சேலையில் ஒருத்தி, இடுப்பில் பிள்ளையோடு.

நான்தான்.

அண்ணனுக்கும் எனக்கும் இரண்டு முழ தூரம் இருக்காது. அவர் என்னைத்தான் பார்க்கிறார். நான் ரோகிணியின் தாடையைப் பிடித்து, "அங்க பாரு, அங்க பாரு" என்று கேமரா பக்கம் திருப்பிக்கொண்டிருக்கிறேன். சேலைத் தலைப்பைச் சரிசெய்கிறேன். சிரிக்கிறேன். என் அண்ணன் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. பின்னாலிருந்து யாரோ வந்து அவர் தலையிலிருந்து தாம்பாளத்தை இறக்கும் வரை, நான் சிரித்துக்கொண்டே இருக்கிறேன்.

ஜூடு படத்தை நிறுத்தினார். சந்தில் ஒரு ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டு போனது. இவர் என் பக்கம் திரும்பவே இல்லை. இருபத்தெட்டு வருடத்துக்குச் சேர்த்து வைத்துக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

ஜூடுதான், எங்களுக்கு உதவி செய்வதாக நினைத்து, "அண்ணே, வாயசைவு சுத்தமா இருக்கு. இப்ப நீங்க மைக்குல 'வாங்க மச்சான்'னு சொன்னா அதை அந்த இடத்துல ஒட்டிவிட்ரலாம். மூஞ்சிய மட்டும் பெருசாக்கி, மத்ததை வெட்டிரலாம்" என்றார்.

இவர் யோசித்தார். மைக்கை வாங்கினார். "வாங்க மச்சான்" என்றார். முப்பத்தொரு வயதுக்காரன் வாயிலிருந்து ஐம்பத்தொன்பது வயதுக் கரகரப்பு வந்தது. ஜூடு, "இன்னுங் கொஞ்சம் சிரிச்ச மாதிரிச் சொல்லுங்க" என்றார். மறுபடி சொன்னார். அது பெயின்ட் டப்பா வாங்க வந்தவரைக் கூப்பிடுவது போல இருந்தது. மூன்றாம் தடவை இவர் தன் மூஞ்சியைப் பார்க்கவில்லை. திரையின் ஓரத்தில் தாம்பாளத்தோடு நின்றுகொண்டிருந்த ஒல்லி ஆளைப் பார்த்தார்.

"வாங்க..." என்றார். மைக்கை மேஜைமேல் வைத்தார்.

"இந்தச் சத்தத்தை எல்லாம் அழிச்சிருங்க ஜூடு. படத்தை வெட்டாமக் குடுங்க."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, பத்திரிகையும் பென் டிரைவுமாகப் பேரையூருக்குப் பஸ் ஏறினோம். அண்ணன் வீட்டு வாசலுக்கு எதிரில் பருத்தி மூட்டைகள் அடுக்கியிருந்தன. அண்ணன் அவற்றை எண்ணிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் தோளில் கிடந்த துண்டை எடுத்தார். போடுவதா இடுப்பில் கட்டுவதா என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டார். மதினி உள்ளிருந்து எட்டிப் பார்த்து, வந்த வார்த்தையை வாயிலேயே நிறுத்திக்கொண்டாள். தன் வீட்டுக்காரர் முதலில் 'வாங்க' என்று கேட்கட்டும் என்று நினைத்திருப்பாள். வீட்டுக்கு வந்தவர்களை வீட்டுக்காரர்தானே கேட்க வேண்டும்.

எங்கள் வீட்டுக்காரர் காத்திருக்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு கையையும் குவித்து, என் அண்ணன் முகத்தை நேராகப் பார்த்து, "வாங்க மச்சான்" என்றார்.

அண்ணனுக்கு ஒன்றும் புரியவில்லை. அப்புறம் புரிந்தது.

"என் வீட்டு வாசல்ல நின்னுக்கிட்டு என்னையவே வாங்கங்கிறீகளே மாப்ள. நான் எங்கிட்டு வாரது?" என்றார். குரல் ஒரு மாதிரி இருந்தது. மதினி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், அழுகையும் கலந்திருந்தது. "உள்ள வாங்க, உள்ள வாங்க" என்று அண்ணன் இவருடைய கையைப் பிடித்து இழுத்தார்.

உள்ளே போனதும் இவர் பென் டிரைவை நீட்டினார். "நீங்க சொன்னதுதான் மச்சான் சரி. நான் கேமராவைப் பாத்துச் சொல்லியிருக்கேன். நீங்களே பாருங்க."

அண்ணன் அதை வாங்கவில்லை. "எனக்கு எதுக்கு மாப்ள? நாந்தான் அங்க நின்ன ஆளாச்சே."

அப்போதாவது நான் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. "நானும் உன்னைய வான்னு கேக்கலண்ணே. நீ என்னயத்தான் பாத்துக்கிட்டு நின்ன. நான் திரும்பவே இல்ல. நேத்துத்தான் பாத்தேன்."

"தெரியும்த்தா" என்றார் அண்ணன், சாதாரணமாக.

"அப்ப ஏண்ணே ஒரு தடவகூட அதைப் பத்தி என்னயக் கேக்கல?"

அண்ணன் துண்டை மடித்து மடித்து விரித்தார். "உங்கிட்டக் கோவிச்சா அப்பறம் நான் யாருக்குப் பொங்கச்சீர் கொண்டாறது? எனக்கென்ன பத்துத் தங்கச்சியா இருக்கு? அதான், அம்புட்டுக் கோவத்தையும் தூக்கி மாப்ள மேல போட்டுட்டேன்."

எங்கள் வீட்டுக்காரர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "அடப்பாவி மச்சான், இருபத்தெட்டு வருசமா அண்ணன் தங்கச்சிக்கு நடுவுல நான்தான் கெடைச்சேனா?"

அண்ணன் சிரித்தார். மதினி சிரித்தாள். கோபப்படுவதா வேண்டாமா என்று தெரியாமல் இவரும் சிரித்தார். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. பத்திரிகைத் தட்டை அப்படியே கீழே வைத்துவிட்டு, சிறுபிள்ளை மாதிரி என் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு சத்தம் போட்டு அழுதேன்.